சீல் வைத்த தப்பு

மெத்தைக் கடைக்காரர் விமானம் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும் கடைத்தெரு முழுக்க ஒரே சந்தேகம்தான் கேட்டது: பஞ்சிலா, ரப்பரிலா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெத்தையை அமுக்கிப் பார்த்து, குதித்துப் பார்த்து, கடைசியில் "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போகிறவர்களைப் புன்சிரிப்போடு வழியனுப்பியே தலை நரைத்தவர். அவருக்கு இருந்த பொறுமைக்கு விமானம் என்ன, கப்பலே கட்டலாம்.

விமானம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. இறக்கை ஒரு பெட்டி, வால் ஒரு பெட்டி, திருகாணிகள் பை பையாக. விமானத் திடலின் ஓரத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, கடைக்கு விடுமுறை விடும் நாளெல்லாம் அங்கே போய் மாட்டிக்கொண்டும் முடுக்கிக்கொண்டும் இருந்தார். ஓட்டுவதற்கு ஏற்கெனவே கற்று, உரிமமும் வாங்கி வைத்திருந்தார். இரண்டே இரண்டு இருக்கை. ஒன்று அவருக்கு. மற்றது, கல்லாவில் உட்கார்ந்து கடையையும் அவரையும் கட்டி மேய்க்கும் அவர் மனைவிக்கு.

"கல்யாணமான நாள்லேர்ந்து பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப வானத்துக்கே கூட்டிட்டுப் போறேங்கறீங்க. சரி, வரேன்" என்றார் அந்த அம்மாள். "ஆனா எல்லாம் சரியா இருந்தாத்தான் ஏறுவேன். நீங்களும் தனியா ஏறக் கூடாது. எனக்கு இருக்கறது ஒரு உசுரு, ஒரு புருஷன். ரெண்டுக்கும் மாத்துச் சரக்கு கிடையாது."

சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கேபிள் மாட்டுகிற கட்டம் வரும்வரை. இறக்கைகளின் பின்விளிம்பில் கதவு போல ஆடும் பலகைகள் உண்டு. ஓட்டுகிறவர் கையில் பிடிக்கும் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் இடது பலகை எழும்ப வேண்டும், வலது பலகை தாழ வேண்டும். விமானம் சமர்த்தாக இடப்பக்கம் சாயும். அதற்கான கேபிள்களை மாட்ட, இருக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து நுழைய வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஒரு சாக்கை விரித்திருப்பார்கள். இவர் மெத்தைக்காரர் ஆயிற்றே! கடையிலிருந்து முதல்தர மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். வால் பக்கம் தலை வைத்துப் படுக்கும்படி பெட்டியோடு வந்த செய்முறைப் புத்தகத்தில் சொல்லியிருந்தது. அந்தப் பக்கம் மெத்தைக்கு இடம் போதவில்லை. திருப்பிப் போட்டு, மூக்குப் பக்கம் தலை வைத்துப் படுத்தார். அப்படிப் படுத்தவருக்குத் தன் இடது கை இருக்கும் பக்கம் விமானத்தின் வலது என்பது தோன்றவில்லை. மெத்தை அவ்வளவு சுகமாக இருந்தது.

சொந்தமாகக் கட்டிய விமானம் பறக்க வேண்டுமென்றால், 'தன்கையால் கட்டும் வானூர்திகள் ஒப்புதல் இயக்ககம்' ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துச் சீல் வைக்க வேண்டும். அங்கிருந்து வந்த ஆய்வாளரை ஊர் சீல்காரர் என்றுதான் அழைக்கும். சீல் வைக்கும் இடுக்கியை அவர் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தார். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று பேச்சு. அவர் கேபிளைப் பரிசோதிக்க அதே மெத்தையில், அதே பக்கம் தலை வைத்துப் படுத்து நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் விமானத்துக்கு அடியிலிருந்து இன்ஜின் சத்தம் போல ஒன்று கேட்டது. இன்ஜின் இன்னும் பொருத்தவில்லை. நுட்பமான ஆய்வு நடக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று மெத்தைக்காரர் டீ வாங்கி வரப் போனார். டீ ஆறியது. அடுத்த டீயும் ஆறியது. பிறகு சீல்காரர் வெளியே வந்தார், வாயோரத்தைத் துடைத்தார், கேபிள் மூட்டில் கம்பியைச் சுற்றி ஈயச் சீலை நறுக்கென்று அழுத்தினார்.

"பிரமாதம். இந்த மாதிரி நான் அனுபவிச்சதே இல்ல" என்றார். எதைச் சொன்னார் என்று மெத்தைக்காரர் கேட்கவில்லை.

தப்பைக் கண்டுபிடித்தது மனைவி. விமானம் முழுசாக உருவான பிறகு பார்க்க வந்தவர், இருக்கையில் உட்கார்ந்து ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் பக்கம் தள்ளினா இந்தப் பக்கத்துப் பலகை மேல வரும்னு வழி பூரா பாடம் நடத்தினீங்களே. இது கீழ போகுது?"

மெத்தைக்காரர் சிரித்தபடி வந்து பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. விமானம் தரையை விட்டு எழும்பும்போது ஒரு காற்றடித்து இடப்பக்கம் சாய்த்தது என்று வையுங்கள். நிமிர்த்துவதற்காக ஓட்டுகிறவர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுவார். இந்த விமானமோ இன்னும் இடப்பக்கமே சாயும். இன்னும் தள்ளுவார். அதற்கு மேல் தள்ள ஆள் இருக்காது.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. இரண்டு மரைகளைக் கழற்றி, கேபிள்களை இடம் மாற்றி, திரும்ப முடுக்கினால் தீர்ந்தது. ஆனால் அந்த மரைகளின் மேல்தான் சீல் இருந்தது. சீலை உடைத்த விமானத்தை இயக்ககம் பறிமுதல் செய்து, இரும்பு நசுக்கும் இயந்திரத்தில் கொடுத்துத் தட்டையாக்கிவிடும். அப்படித் தட்டையான ஒன்றை நுழைவாயிலில் பார்வைக்கு வைத்தும் இருந்தார்கள்.

மெத்தைக்காரர் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

துணை இயக்குநர் அம்மையார் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பெரிய எழுத்தில், 'ஒப்புதல் பெற்றதே சரியானது' என்று எழுதியிருந்தது.

"தப்பு இருக்குன்னு சொல்றீங்க. சீல் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப தப்பு இல்ல."

"மேடம், இடது பக்கம் தள்ளினா வலது பக்கம் போகுது..."

"போகுதுல்ல? ஒரு பக்கமும் போகலன்னா சொல்லுங்க, அது கோளாறு."

"சீலை மட்டும் கொஞ்சம் வெட்ட அனுமதி கொடுத்தா, நானே மாத்தி மாட்டிடுவேன். தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன்."

அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஒத்துக்கலாம், பெரிய மனுஷன். நாங்க எப்படி ஒத்துக்கறது? உங்க தப்பை நாங்க பார்த்து, சரின்னு சீல் வெச்சாச்சு. வெச்ச நிமிஷத்துலேர்ந்து அது உங்க தப்பு இல்ல, எங்க சரி. எங்க சரியை நீங்க தப்புன்னு சொல்றது சட்டப்படி குத்தம். ஏதோ விவரம் தெரியாம வந்துட்டீங்கன்னு விடறேன். இந்த இயக்ககம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க ஒரு தப்பைக்கூடக் கண்டுபிடிச்சதில்ல. அந்தப் பேரை உங்களுக்காகக் கெடுத்துக்க முடியுமா?"

வியாபாரி இலேசில் கடையை விட்டு இறங்க மாட்டான். மெத்தைக்காரர் அங்கேயே நின்றார், குழைந்தார், பெருமூச்சு விட்டார், போவதுபோல் போய்த் திரும்பி வந்தார். மாலைக்குள் அம்மையார் இளகி, ஒரு நிபுணர் குழுவை அனுப்பச் சம்மதித்தார்.

குழுவில் மூன்று பேர். கொட்டகைக்கு வந்து விமானத்தைச் சுற்றி நடந்தார்கள். முதல் நிபுணர் சின்னதாக இரண்டு சீட்டு எழுதி, ஸ்டிக்குக்கு இடப்பக்கம் 'வலது' என்றும் வலப்பக்கம் 'இடது' என்றும் ஒட்டிவிடலாம் என்றார். அதைக் கேட்ட இரண்டாமவர், சீட்டு உள்ளே மட்டும் இருந்தால் போதாது, விமானத் திடலிலும் மாற்ற வேண்டும், முடிந்தால் சுற்றுவட்டாரத்திலும் மாற்ற வேண்டும் என்று ஆதங்கப்பட்டார். ஓட்டுகிறவர் வாலைப் பார்த்து உட்கார்ந்தால் இடது வலது தானாகவே நேராகிவிடும் என்பது மூன்றாமவர் கண்டுபிடிப்பு.

"எதிர்ல என்ன வருதுன்னு எப்படி சார் தெரியும்?" என்றார் மெத்தைக்காரர்.

"வானத்துல எதிர்ல என்னய்யா வரப்போகுது?"

மூவரும் கூடிக் குசுகுசுத்தார்கள். பிறகு தலைமை நிபுணர் மெத்தைக்காரரின் தோளில் கை போட்டு, வாஞ்சையோடு சொன்னார்:

"யோசிச்சுப் பாருங்க. விமானத்துல சீல் இருக்கு. உங்க மேல சீல் இல்ல. அப்ப திருத்த வேண்டியது யாரை?"

இப்படியாக மெத்தைக்காரர் திருத்தப்பட்டார். இயக்ககத்தின் மாடியில் ஒரு நாற்காலி, நாற்காலிக்கு முன்னால் ஒரு விளக்குமாற்றுக் குச்சி. ஒரு குமாஸ்தா எதிரே நின்று "இடது!" என்பார். இவர் குச்சியை வலப்பக்கம் தள்ள வேண்டும். "வலது!" என்றால் இடப்பக்கம். தவறிச் சரியாகத் தள்ளிவிட்டால் குமாஸ்தா நாக்கைத் தட்டி வருத்தப்படுவார். மெத்தைக்காரர் எதைச் செய்தாலும் முழுசாகச் செய்கிறவர். முதல் வகுப்பில் தேறினார். தேறிய அன்றே கடை வேனை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

"இடது பக்கம் திரும்புங்க" என்றார் பக்கத்திலிருந்த மனைவி. வேன் வலப்பக்கம் திரும்பி ஒரு சலூனுக்குள் மூக்கை நுழைத்தது. பாதி மழித்த முகத்தோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். நல்லவேளை, வேனுக்குள் முழுக்க மெத்தை. ஒருவருக்கும் காயமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால்கூடத் தேவலை என்றிருந்தது மெத்தைக்காரருக்கு.

"விமானம் கோணல். அதை நேராக்கக் கேட்டுப் போனீங்க. நேரா இருந்த உங்களையும் கோணலாக்கி அனுப்பிட்டாங்க. இதுல ஏறிப் பறக்கப்போறீங்களா?"

"பறக்கலைன்னா 'ஒப்புதலை அவமதிச்சார்'னு பறிமுதல் பண்ணிடுவாங்கம்மா. பறந்தா செத்துடுவேன். என்னதான் பண்ணச் சொல்ற?"

"நம்ம கடைக்கு மெத்தை கொண்டு வர்ற மில்காரன், சரக்கு அருமை அருமைன்னு வாய் ஓயாம சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அதுமேலயே அவனைப் படுக்கச் சொல்லுவேன்."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் மெத்தைக்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு இயக்குநரின் அறைக்கே போனார். இயக்ககத்தின் பெருமையை நாடறிய வேண்டுமென்றும், முதல் பறப்பில் பக்கத்து இருக்கையில் இயக்குநரே உட்கார்ந்து வந்தால் தன் ஜென்மம் சாபல்யமடையும் என்றும் விண்ணப்பித்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதையும், தயக்கத்தோடு, சேர்த்துக்கொண்டார்.

இயக்குநர் மகிழ்ந்தார். அடுத்த கணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வரணும்னு ஆசைதான். இந்த இடுப்பு வலி இருக்கே, கெட்டியான சீட்ல உட்காரவே முடியல."

"இடுப்பு வலியா சார்? அதை முதல்லயே சொல்லக் கூடாதா!" என்றார் மெத்தைக்காரர்.

விழா நாளன்று, இயக்குநரின் இடுப்புக்கு அளவெடுத்துத் தைத்த குஷன் இருக்கையில் காத்திருந்தது. திடலில் கூட்டம். பக்கத்துக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரும், மற்ற விமானம் கட்டுகிறவர்களும் முன்வரிசையில் நின்றார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! மனிதன் தவறு செய்பவன். ஆனால் எங்கள் சீலுக்குப் பிறகு இந்த நாட்டில் எந்த விமானத்திலும் ஒரு தவறுகூட இருந்ததாகப் பதிவு இல்லை. எப்படிச் சாதித்தோம்? சீல் வைத்த பிறகு நாங்கள் பார்ப்பதே இல்லை! சில பேர், சீல் வைப்பதற்கு முன்பாவது பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் பார்ப்பது விமானத்தை அல்ல, நாட்டின் எதிர்காலத்தை. எங்கள் ஒவ்வொரு சீலுக்குப் பின்னாலும் நான் நிற்கிறேன்!"

"நிக்க வேணாம் சார், உட்காருங்க" என்று கையைப் பிடித்து ஏற்றினார் மெத்தைக்காரர். பெல்ட்டை இறுக்கினார். கதவைச் சாத்தினார். இன்ஜின் உறுமியது.

"சார், பயப்பட ஒண்ணுமில்ல. நான் இடதுன்னு தள்ளினா விமானம் வலது பக்கம் சாயும். அதோ பாருங்க, பலகை எப்படி மாறிப் போகுதுன்னு. நம்ம இயக்ககத்துலயே ட்ரெயினிங் எடுத்திருக்கேன். அன்னிக்கு சலூன்ல மட்டும் கொஞ்சம் குழம்பிடுச்சு."

"எந்த சலூன்?"

"அதை இப்ப கட்டிக்கிட்டிருக்காங்க சார்." விமானம் மெல்ல நகர ஆரம்பித்தது.

"நிறுத்துய்யா! நிறுத்து!"

விமானம் நின்றது. இயக்குநருக்கு வியர்த்திருந்தது. பலகையைப் பார்த்தார். ஸ்டிக்கைத் தானே தள்ளிப் பார்த்தார். திரும்பவும் பலகையைப் பார்த்தார்.

"இது தலைகீழா இருக்கே!"

"தப்புங்கறீங்களா சார்?" மெத்தைக்காரர் பணிவாகக் கேட்டார்.

"தப்புன்னு நான் சொல்லல. சொன்னா நாளைக்கு என் நாற்காலியில வேற எவனாவது உட்கார்ந்திருப்பான்." இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "தப்பு இல்ல. ஆனா இதை... இன்னும் மேம்படுத்தலாம்."

சீல்காரர் ஓடி வந்தார். சீல் வெட்டப்பட்டது. கேபிள்கள் இடம் மாறின. புதுச் சீல் விழுந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இயக்குநருக்குத் திடீரென்று ஒரு முக்கியமான கூட்டம் ஞாபகம் வந்து, குஷனோடு இறங்கிப் போனார். அதற்குள் காற்று கிளம்பிவிட்டதால் பறப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க மனைவி வேனில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தொடையைக் கிள்ளி, புருஷனைப் பழையபடி நேராக்கினார்.

அடுத்த வாரம் கொட்டகைக் கதவைத் திறந்தபோது வாசலில் சீல்காரர் இடுக்கியோடு நின்றிருந்தார். பின்னாலேயே மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணே, இந்த அநியாயத்தைக் கேளுங்க! என்னமோ 'இயக்குநர் மேம்பாடு'ன்னு சுற்றறிக்கை வந்திருக்காம். நாட்டுல இருக்கற எல்லா விமானத்துலயும் கேபிளை இடம் மாத்தி மாட்டணுமாம். என்னுது சரியா இருக்குண்ணே! மாத்தினா நான் காலி!"

"எல்லா விமானத்துலயுமா?" மெத்தைக்காரர் சீல்காரர் பக்கம் திரும்பினார். "என்னுதுல ஏற்கெனவே மாத்தியாச்சே சார்?"

"விதிவிலக்குன்னு ஒண்ணும் போடலியே" என்றார் சீல்காரர். "உங்களுதுலதான் ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க. உங்களுக்குத்தான் முதல் மரியாதை."

மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி மெத்தைக்காரரைப் பார்த்தார். மெத்தைக்காரர் விமானத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றால் பறிமுதல். சரி என்றால் மறுபடியும் இடது வலதாகும். தலையில் கட்டியே தீருவேன் என்று ஒருவன் நிற்கும்போது, வேண்டாம் என்று மல்லுக்கட்டுவது வியாபாரம் இல்லை. கூடக் கேட்பதுதான் வியாபாரம்.

"போடுங்க சார், சந்தோஷம்" என்றார். "ஆனா எனக்கு ஒண்ணு பத்தாது. ரெண்டு மேம்பாடு போடுங்க."

"ரெண்டா?"

"இயக்குநர் பேர்ல வந்திருக்கு. ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணு, அவர் கையாலயே ஆரம்பிச்சு வெச்ச எனக்கும் ஒண்ணுதானா? அவருக்கே கௌரவமா இருக்குமா சொல்லுங்க."

சீல்காரர் சுற்றறிக்கையைப் புரட்டினார். ஒன்றுக்கு மேல் கூடாது என்று எங்கேயும் இல்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இயக்குநருக்குப் போன் போட்டார். போனில் வந்த குரல் தழுதழுத்தது: "ரெண்டு கேக்கறாரா? தாராளமாப் போடுய்யா! இந்தக் காலத்துல இப்படிப்பட்ட ஆளுங்க எங்க கிடைக்கறாங்க!"

சீல்காரர் குனிந்தார். "அந்த மெத்தை எங்கம்மா?"

"அதை வித்துட்டோம் சார்" என்றார் மனைவி.

சீல்காரர் வெறும் சிமென்ட் தரையில் முனகிக்கொண்டே படுத்தார். சீலை வெட்டினார், கேபிள்களை இடம் மாற்றினார். இப்போது விமானம் மறுபடியும் ஆளைக் கொல்லும் விமானம். சீல்காரர் வெளியே நகர்ந்து வந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஸப்பா. ஒண்ணு ஆச்சு. ரெண்டாவதை நாளைக்குப் பார்த்துக்கலாம். இதுக்குச் சீல் வெச்சுடறேன்."

இடுக்கி மரையை நெருங்கியது. மெத்தைக்காரர் தடுக்கக் கையை நீட்டினார். மனைவி முந்திக்கொண்டார்.

"வைங்க சார், தப்பில்ல. இயக்குநருக்கு மட்டும் நான் போன் பண்ணிச் சொல்லிடறேன், 'உங்களுக்குப் பாதி மரியாதை இன்னிக்கு, மீதி நாளைக்கு'ன்னு."

சீல்காரர் அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். திரும்பவும் மல்லாந்து படுத்தார். மரைகள் கழன்றன, கேபிள்கள் இடம் மாறின, மரைகள் இறுகின. சீல் விழுந்தது. மனைவி இருக்கையில் ஏறி, ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினார். இடது பலகை மெதுவாக எழும்பியது. வலது பக்கம் தள்ளினார். வலது பலகை எழும்பியது.

அவர் கீழே இறங்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? ஏறுங்க" என்றார்.

தரையில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. எழுந்து சீல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எனக்கும் ரெண்டு!"

"அதென்னய்யா, ஆளாளுக்கு ரெண்டு ரெண்டா கேக்கறீங்க?"

"கடமைக்கு ஒண்ணு, மரியாதைக்கு ஒண்ணு சார்!" இன்ஜின் சத்தத்துக்கு மேல் மெத்தைக்காரர் கத்தினார்.

விமானம் ஓடியது, எழும்பியது, காற்றில் ஒரு முறை இடப்பக்கம் சாய்ந்தது. மெத்தைக்காரர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினார். விமானம் நிமிர்ந்தது. மனைவி கண்ணைத் திறந்து, முதன்முறையாகக் கீழே பார்த்தார்.

திடலில் அதற்குள் சேதி பரவிவிட்டது. கொட்டகை கொட்டகையாக ஆட்கள் ஓடி வந்து சீல்காரர் முன்னால் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் பக்தி முற்றிப்போய் மூன்று விரலைக் காட்ட, பக்கத்திலிருந்தவர் பாய்ந்து அதில் ஒன்றை மடக்கினார்.